மாலை போடாத படம்

அக்கா,

உன் வெள்ளை ஷாலை மூன்று முறை துவைத்துவிட்டேன். கறை போகவில்லை. ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு, வெளிர்சிவப்பாகப் படர்ந்து நிற்கிறது. கொடியில் அதைப் பார்த்த அம்மா, "ஏம் பாப்பா, நீ காலேஜுக்குப் போனியா, கோயிலுக்குப் போனியா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். பதினெட்டுப் பேருடைய நெற்றிப் பொட்டு அந்த மூலையில் கலந்து கிடக்கிறது. அதில் ஒன்று உன்னுடையது. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எது உன்னுடையது என்று பிரிக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் எனக்கு இவ்வளவு நீளமாகப் பேச வராது.

அப்பாவின் போனுக்கு ஓர் அழைப்பு வந்ததில் தொடங்கியது. அப்பா மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். கை ஈரமாக இருந்ததால் நான்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பேசியது உன் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் விளையாட்டு மேடம். கல்லூரியில் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்று ஒன்று திறக்கிறார்களாம். கல்லூரிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பழைய விளையாட்டுக்காரர்கள், பழைய முதல்வர்கள், அலுவலகத்தையும் விடுதியையும் கட்டி மேய்த்தவர்கள் என்று பதினெட்டுப் பேரின் படத்தை மாட்டப் போகிறார்களாம். ஆளுக்கொரு ஷீல்டும் கொடுப்பார்களாம். கோ-கோ அணியின் கேப்டன் என்று அதில் நீயும் ஒருத்தி.

"அவங்க நம்பருக்கு அடிச்சா வேற யாரோ எடுக்கிறாங்கப்பா. அட்மிஷன் ஃபார்ம்ல உங்க நம்பர் இருந்துச்சு. விழாவுக்கு வந்துருவாங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வருதுங்க" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்ப்பா. கட்டாயம் வரச் சொல்லுங்க. அவங்க டீம் பொண்ணுங்களும் வர்றாங்க."

"சொல்றங்க."

நான் போனை அணைத்தேன். அப்பா மறுபடியும் கையைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய கை. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அந்தப் பொண்ணு அவ்ளோ சந்தோசமா கேக்குது. இல்லன்னு எப்புடிச் சொல்றது?" என்றார்.

மறுநாள் காலையில், புளிக் கொட்டகை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். "நீ போயி வாங்கிட்டு வந்துரு பாப்பா. என்னால ஆவாது."

"நானாப்பா?"

"பின்ன வேற ஆரு இருக்கறா?"

வேறு யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு இரண்டு வருடமாக நம் வீட்டில் நான்தான் பதில். அது உனக்குச் சிரிப்பாக இருக்கும். கடைக்காரர் "என்ன பாப்பா வேணும்?" என்றாலே வந்த காரியத்தை மறந்து நிற்கிறவள் நான். சின்ன வயதில் நீ என்னைக் கடைக்குக் கூட்டிப்போவாய். வாங்குவது மட்டும் நான்தான் என்பாய். என் பின்னால் நின்றுகொள்வாய். நான் வாயைத் திறக்காமல் மிட்டாய் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, என் முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உன் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "கோ!" என்பாய். கடையில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அதிர்ச்சியில் எனக்குப் பேச்சு வந்துவிடும். "கால் கிலோ ரவை!" என்று கத்துவேன்.

உன் ஆட்டத்தை எனக்கு நீ வாசலில் செங்கல் அடுக்கிக் காட்டினாய். எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருக்க வேண்டும், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஓடுகிறவளை விரட்டிக்கொண்டு வருபவள் உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு "கோ" சொன்னால், தொடப்பட்டவள் எழுந்து ஓடுவாள். தொட்டவள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். "முக்கியமானது ரெண்டே ரெண்டு. முதுகுல கை படறதுக்கு முன்ன எந்திரிச்சா ஃபவுல். கோ சொன்னா அம்பயர் காதுல வுழணும். காதுல வுழலைன்னா அது கோ இல்ல" என்றாய். எட்டு இடத்தில் ஏழில் செங்கல்லும் ஒன்றில் என்னையுமாக வைத்து நீ விரட்டிப் பழகினாய். நான் நல்ல செங்கல் என்றாய். அசையவே மாட்டேன் என்பதால்.

இப்போது நான் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறேன் அக்கா. நீ போன பிறகு பத்தாம் வகுப்புக்கு ஒரு மாதம்கூடப் போகவில்லை. வகுப்பில் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக வந்து என்ன ஆச்சு, எப்படி ஆச்சு, எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். எனக்குத்தான் பதில் வரவில்லை. பள்ளிக்கூடம் பதில் சொல்கிற இடமாக ஆகிவிட்டது. புளிக் கொட்டகையில் அப்படி இல்லை. வரிசையாக உட்கார்ந்து ஓட்டை உடைத்து, கொட்டையை எடுத்து, நாரை உரித்துப் போட்டால் போதும். பெண்கள் அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காத இடம் கிடைத்ததே என்று இருந்துவிட்டேன்.

விழா நாளன்று உன் வெள்ளை ஷாலை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அரூர் வந்து, தருமபுரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் "எங்கம்மா?" என்றபோது, கல்லூரியிலிருந்து தபாலில் வந்திருந்த அழைப்பிதழை நீட்டினேன். அவர் அதைப் பிரித்து, படித்து, "காலேஜ் ஸ்டாப்பா? வாயத் தொறந்து சொன்னா ஆவாதா? நான் என்ன கல்யாணத்துக்கா வரப்போறேன்?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஷாலை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். போகிற வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். 'அக்கா வரலைங்க, நான் தங்கச்சிங்க.' அதில் பொய் இல்லை. உண்மையும் முழுசாக இல்லை. அதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

உன் கல்லூரியில் அந்தப் படங்களை எங்கே மாட்டியிருந்தார்கள் தெரியுமா? உங்கள் பந்து, வலை, கம்பம் எல்லாம் போட்டு வைத்திருந்த அந்த அறையில்தான். ரப்பர் நாற்றமும் எலியும் என்று சொல்வாயே, அதே அறை. சுவரை இடித்து அகலப்படுத்தி, வெள்ளையடித்து, தரையில் வழுவழு கல் பதித்திருந்தார்கள். நான் சீக்கிரமே போய்விட்டேன். உள்ளே யாருமில்லை. பதினெட்டுப் படங்களும் ஒரே அளவுச் சட்டத்தில் வரிசையாக இருந்தன.

பதினெட்டுக்கும் சந்தன மாலை போட்டிருந்தது.

ஒவ்வொரு கண்ணாடியிலும் நெற்றிக்கு நேராகக் குங்குமப் பொட்டும் இருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நம் வீட்டில் உன் படம் எப்படி இருக்கிறதோ அப்படியே. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வைக்கிற பொட்டு. சரி, இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அப்போதுதான் பார்த்தேன், கடைசி வரிசையில் மாலையோடு படத்தில் இருந்த ஒரு பெரியவர் அச்சு அசலாக என் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கைத்தடி, கூடவே அவர் மனைவி. முன்னாள் முதல்வராம்.

அவர் தன் படத்துக்கு முன்னால் போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"ஏம்ப்பா! யாருப்பா அங்க? எனக்குப் பால் தெளிச்சாச்சா, இல்ல இனிமேத்தானா?"

அட்டெண்டர் ஒருவர் ஓடிவந்தார். மணி என்று கூப்பிட்டார்கள். "சார், வணக்கம் சார். நல்லாருக்கறீங்களா சார்?"

"நான் நல்லாத்தான் இருந்தேன், இந்த வாசப்படி ஏர்ற வரைக்கும். காரியத்துக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கே?"

"ஐயோ சாமி, முதல்ல அத எடுங்கப்பா!" என்று அந்த அம்மா கத்தினார். "பேச்சப் பாரு பேச்ச!"

அலுவலக சூப்பிரண்டு வந்தார், விளையாட்டு மேடம் வந்தார். மணியண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. "சார், ஆபீஸ்ல சுவத்துல மாட்டற போட்டோவுக்கெல்லாம் மாலை போட்டுத்தாங்க சார் பழக்கம். ஒரு முப்பது வருசமா அப்பிடித்தான் போடறேன். இதுல உசுரோட இருக்கறவங்களும் வருவாங்கன்னு எனக்கு ஆரு சொன்னாங்க?"

"அப்ப நாளைக்கு என் டேபிள்ல இருக்கற என் பொண்ணு போட்டோவுக்கும் போட்ருவியாய்யா?" என்றார் சூப்பிரண்டு.

"சட்டுனு கழட்டுங்க எல்லாத்தையும். கெஸ்ட் வர்றதுக்குள்ள!" என்றார் மேடம்.

மணியண்ணன் ஸ்டூல் போட்டு ஏறினார். ஒரு மாலையைக் கழற்றினார். வைக்க இடமில்லாமல் சுற்றிப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். "பாப்பா, நீ வாலன்டியர்தானே? இத கொஞ்சம் புடி."

இல்லை என்று சொல்ல எனக்கு எப்போது வந்திருக்கிறது? கையை நீட்டினேன். ஒவ்வொன்றாக என் முழங்கையில் மாட்டினார். ஏழு, எட்டு, ஒன்பது. சந்தன வாசம் மூச்சை அடைத்தது. "அப்பிடியே அந்தப் பொட்டையும் தொடச்சுட்டு வா கண்ணு" என்றார். துணி எதுவும் இல்லை. உன் ஷாலின் முனையைத்தான் எடுத்தேன். ஒரு கையில் மாலைகள் தொங்க, மறு கையால் முன்னாள் முதல்வரின் நெற்றியைத் துடைத்தேன். அவர் மனைவி கூடவே நின்று, "நல்லாத் தொடம்மா, சாயம் நிக்கக் கூடாது" என்றார். அடுத்த படம். அடுத்தது. ஆறாவதாக நீ.

நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அணியாக எடுத்த படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதனால் உன் இடது தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் இருந்தது. மணிக்கட்டுக்கு மேல் ஆள் இல்லை. மணியண்ணன் உன் மாலையைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அதை மட்டும் முழங்கைக்கு ஏற்றாமல் கையில் பிடித்துக்கொண்டு உன் நெற்றியைத் துடைத்தேன்.

அக்கா, இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. துடைத்து முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருடமாக வீட்டில் பொட்டும் மாலையுமாகப் பார்த்த முகம், ஒன்றுமில்லாமல், வெறும் நெற்றியோடு, உயிரோடிருக்கிற மனிதர்களின் வரிசையில் இருந்தது. நீ எங்கோ வெளியூரில் வேலையில் இருப்பதுபோல் இருந்தது.

கழற்றி முடித்ததும் சூப்பிரண்டு ஒரு தாளோடு வந்தார். "சரி, உண்மையிலேயே போய்ச் சேந்தவங்களுக்கு மட்டும் திரும்பப் போட்டுரு. நான் பேரு சொல்றேன்." ஒவ்வொரு படமாக வந்தார்கள். "இவரு போயிட்டாரு. போடு." "இவரு இருக்காரா? ஓசூர்ல இருக்காரு, வுடு." "வார்டனம்மா... பாவம், போன வருசம். போடு." என் முழங்கையிலிருந்து ஒவ்வொரு மாலையாக எடுத்துப் போட்டார்கள். உன் முன்னால் வந்தார்கள்.

"இது சின்னப் பொண்ணு. இதுக்கென்ன. அப்பாவே போன்ல வருதுன்னு சொல்லியிருக்காரு" என்றார் சூப்பிரண்டு. நகர்ந்துவிட்டார்கள்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், உன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு. வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வெட்கத்தால் இல்லை. சொல்லாமல் இருந்தால் இந்த ஊரில், இந்த ஓர் அறையில் மட்டுமாவது நீ இருப்பாய் அல்லவா? படிக்க வருகிற பெண்கள் உன்னைப் பார்த்து, இந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார்களோ என்று நினைப்பார்கள். அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். ஷீல்டை வாங்கிக்கொண்டு, 'அக்கா வரலைங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மிச்ச மாலைகளை மணியண்ணனிடம் கொடுத்துவிட்டு, உன்னுடையதை மட்டும் வைத்துக்கொண்டு மண்டபத்தில் பின்பக்கமாக உட்கார்ந்தேன். எனக்கு முன் வரிசையில் நான்கு பெண்கள். ஒருத்தி மடியில் குழந்தை. ஒருத்தி புர்கா போட்டிருந்தாள். அவர்கள் யாரென்று எனக்கு முதலில் தெரியவில்லை. "ஏய் சல்லு, கொஞ்சம் நவுந்து உக்காருடி" என்று ஒருத்தி புர்கா போட்டவளிடம் சொன்னதும் நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டேன்.

சல்லு. உன் போனில் அந்தப் பெயர்தான் வந்துகொண்டே இருந்தது.

உன்னிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான் அக்கா. நீ போன மறுநாள் உன் போனை யார் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அம்மா என்னிடம் கொடுத்தாள். அது அடித்தது. 'சல்லு' என்று வந்தது. பிறகு 'கோகி'. பிறகு மறுபடி சல்லு. எடுத்தால் நான்தான் சொல்ல வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாளும் அடித்தது. தலையணைக்கு அடியில் வைத்தேன். பிறகு பீரோவில், அம்மாவின் புடவைகளுக்கு நடுவில். கொஞ்ச நாளில் சார்ஜ் தீர்ந்து அதுவாகவே ஓய்ந்தது. நிம்மதியாக இருந்தது எனக்கு. நீ படிப்பு முடித்து ஊருக்கு வந்த பிறகு நடந்தது, உன் சிநேகிதிகள் யாருக்கும் நம் ஊர் தெரியாது. நான் எடுக்காததால் யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விட்டது.

அவர்கள் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வருவாடி. எப்பத்தான் டயத்துக்கு வந்திருக்கா, மேட்ச தவிர" என்றார் குழந்தை வைத்திருந்தவர்.

"எங்க வரப்போறா? பெரிய ஆளாயிட்டா. நம்பர மாத்திட்டா. போன வருசம் அடிச்சா எவனோ ஒரு ஆளு எடுத்து, ராங் நம்பர் வைம்மாங்கறான்" என்றவர்தான் கோகிலா. குரலில் சிரிப்பு இல்லை.

"என் நிக்காவுக்கு வாட்ஸ்அப்புல பத்திரிக்க அனுப்பி, போன் மேல போன் போட்டேன்" என்றார் சல்லு என்கிற சல்மா. "ஹாஸ்டல்ல ஒரே தட்டுல தின்னவ. ஒரு வார்த்த, வர முடியலடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். அன்னைக்கு மேடையில உக்காந்துட்டு வாசலையே பாத்துட்டிருந்தேன்."

"நான் அப்பவே சொன்னேன். கப்பு வாங்குற வரைக்கும்தான் அவளுக்கு நாமெல்லாம்" என்றார் கோகிலா.

"அப்படிச் சொல்லாதடி."

"பின்ன எப்பிடிச் சொல்றது?"

ஒரு நாற்காலி தூரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். அறையில் நான் உயிரோடு விட்டு வந்த நீ, இங்கே சிநேகிதிகளை மறந்துபோன நீயாக இருந்தாய். அப்படி ஒருத்தியை நான் எங்கிருந்தோ உண்டாக்கி விட்டிருக்கிறேன். போனைக் கவிழ்த்து வைத்த அன்றைக்கே உண்டாக்கிவிட்டேன்.

மேடையில் பெயர் வாசிக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் முதலில். போய்ச் சேர்ந்தவர்களின் பெயருக்கு மகனோ பேரனோ வந்து வாங்கினார்கள். முன்னாள் முதல்வர் ஷீல்டை வாங்கிக்கொண்டு மைக்கில், "காலையில செத்துப் பொழச்சவன் பேசறேன்" என்றார். மண்டபம் சிரித்தது. பிறகு உன் பெயர்.

கைதட்டினார்கள். முன் வரிசையில் நான்கு பேரும் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தார்கள். வாசலில் யாரும் இல்லை.

மேடம் மறுபடி உன் பெயரைச் சொன்னார். கைதட்டல் குறைந்தது.

"சொன்னேன்ல?" என்றார் கோகிலா.

மூன்றாவது முறை. "வரலை போலிருக்கு. பரவாயில்லை, நாம அடுத்ததாக..."

என் பின்னால் காலி நாற்காலிகள்தான் இருந்தன. என் முதுகை யாரும் தொடவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தொட மாட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அது அப்படிப் புரியவில்லை. நான் எழுந்துவிட்டேன். நீ பார்த்திருந்தால் ஃபவுல் என்பாய். ஃபவுல்தான் அக்கா.

"அக்கா இல்லைங்க" என்றேன்.

"என்னம்மா? காதுல விழல" என்றார் மேடம் மைக்கில்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கையில் இன்னும் உன் மாலை இருந்தது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியம் நினைவுக்கு வரவில்லை. கால் கிலோ ரவை கேட்ட குரல் எங்கிருந்தோ வந்தது.

"எங்கக்கா செத்துப்போச்சுங்க! ரெண்டு வருசம் ஆச்சுங்க!"

கத்தியேவிட்டேன். மணியண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்ததைப் பார்த்தேன். பிறகு நடந்து போனேன். ஷீல்டை யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. திரும்பி இறங்கும்போது முன்னாள் முதல்வர் எழுந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

உன் சிநேகிதிகள் மட்டும் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். சல்மா அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறுதல் சொல்வார்கள் என்று நினைத்தேன். கோகிலா அக்கா என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

"ஏன்டி சொல்லல? எத்தன போன் போட்டோம்! ஒருத்தர்கூடவா வூட்ல எடுத்துச் சொல்ல முடியல?"

"போன் எங்கிட்டத்தான் இருந்துச்சுங்க" என்றேன். "நான்தான் எடுக்கல."

"ஏன்?"

"பேச வரலைங்க."

அவர் கையை எடுத்துவிட்டார். கொஞ்ச தூரம் போய் மரத்தைப் பார்த்து நின்றார். "திட்டித் திட்டி மெசேஜ் போட்டேன் அவளுக்கு. செத்தவளுக்கு" என்றார். அப்புறம் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதார், நீங்கள் களத்தில் உட்காருவீர்களே, அப்படி. என்னை அவர் மன்னித்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

சல்மா அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போனார். உன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு உன் தோளில் இருந்த கையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது என் கைதான். மோதிரம் தெரியுதா?"

சூப்பிரண்டு பின்னாலேயே வந்தார். அவர் முகம் வாடியிருந்தது. "மன்னிச்சுக்கம்மா. எங்களுக்குத் தெரியாது. அந்த மாலைய இப்பப் போட்டுறலாமா?"

சல்மா அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வேண்டாங்க" என்றேன்.

"மத்தவங்களுக்கெல்லாம் போட்டிருக்குதேம்மா. வழக்கம்னு ஒண்ணு..."

"வூட்ல போட்டிருக்குங்க."

மணியண்ணன் மாலையை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். "பாப்பா, உங்கையிலயே குடுத்துப் புடிக்கச் சொல்லிட்டனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே பஸ் ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "கேட்டாங்களா?" என்றார். "சொல்லிட்டேன்ப்பா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, அந்த வேளையில் தண்ணீர் கட்ட ஒன்றுமில்லாத காட்டுக்குப் போய்விட்டார். மாலையை அம்மாவிடம் கொடுக்கவில்லை. உன் போன் இருக்கிற அதே இடத்தில், புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். பீரோவைத் திறந்தால் சந்தனமாக மணக்கிறது.

வீடு அப்படியேதான் இருக்கிறது அக்கா. நீ இல்லாத கட்டிலின் பாதியில் நான் இன்னும் படுப்பதில்லை. கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து புளி உடைக்கிறேன். சில நேரம் பின்னால் யாராவது கடந்து போனால் முதுகில் அந்த இடம் மட்டும் விறைத்துக்கொள்கிறது. கூடை தூக்கிப் போகிறவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சல்மா அக்கா அப்பாவின் போனுக்குக் கூப்பிடுகிறார். அப்பா எடுக்க மாட்டார். போனை என் பக்கம் தள்ளிவிடுவார். மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. முதல் இரண்டு முறை அவரே பேசினார், விடுதியில் நீ செய்த அட்டகாசங்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று அவர், "நானே பேசிட்டிருக்கேன். அவ வூட்ல எப்படி இருப்பா, நீ சொல்லு" என்றார். நான் செங்கல் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"காதுல வுழல பாப்பா" என்றார்.

எழுந்து வாசலுக்குப் போய், நீ செங்கல் அடுக்கிய இடத்தில் நின்றுகொண்டு, முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன்.